'இருநூற்று மூன்று' என்றால் 2003 எழுதும் பையன்

வாசகர் கேள்வி:

"நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்குப் பட்டதாரி ஆசிரியை. வயது 31. வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. சின்ன வயதில் வீட்டுக் கதவையே கரும்பலகையாக்கி டீச்சர் விளையாட்டு விளையாடியவள். இப்போது எமிஸ் என்கிற அரசு இணையதளத்தில் பதிவு, ஆன்லைன் தேர்வு, கூட்டம், படிவம் என்று நாள் ஓடிவிடுகிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் பாடி ஆடிப் பாடம் நடத்துகிறார். அவருடைய ரீல்ஸை எங்கள் தலைமையாசிரியரே குழுவில் போட்டு 'பாருங்க' என்கிறார். எனக்குப் பாட வராது, படமும் வரைய வராது. ஏழாம் வகுப்பில் 26 பேர். அதில் ஒன்பது பேருக்கு மூன்று இலக்க எண்ணே தகராறு. ஒரு பையன், இருநூற்று மூன்று எழுது என்றால் 2003 என்று எழுதுகிறான். ஏழாம் வகுப்பில்! திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. கேட்டால், 'நீங்க சொன்னதைத்தானே டீச்சர் எழுதினேன்' என்று என்னையே பார்க்கிறான். அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரியும் தெரியவில்லை. குரூப் 2 எழுதிவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். கற்பித்தல் ஒரு கலை, ஒரு படைப்பு என்பதெல்லாம் செப்டம்பர் 5ஆம் தேதி மேடைக்கு மட்டும்தானா?"

பெயர் வேண்டாம், டெல்டா மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எமிஸுக்கு ஒரு வரி, குரூப் 2க்கு ஒரு வரி. அந்த 2003 பையனுக்கு மட்டும் அஞ்சாறு வரி. அவன் சொன்னதை அவன் பேச்சு மாறாமல் எழுதியிருக்கிறீர்கள், அவன் முகம் எப்படி இருந்தது என்றுகூட. வேலை வெறுத்துப்போனவர்களுக்குப் பிள்ளைகள் முகம் இப்படி ஞாபகம் இருக்காது. அதனால் ரீல்ஸ், குரூப் 2 எல்லாம் அப்புறம். முதலில் அவனிடம் போவோம்.

அவன் சொல்வது சரிதான். நீங்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறான். 'இருநூறு' காதில் விழுந்தது, 200 எழுதினான். 'மூன்று' விழுந்தது, பக்கத்தில் 3 எழுதினான். கேட்ட வரிசையில், எதையும் விடாமல். ஒலிக்கிறபடி எழுது என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழில் நாம் பழக்கியதைக் கணக்கிலும் செய்திருக்கிறான், அவ்வளவுதான்.

நம் பழைய தமிழ் எண் முறையில் இருநூற்று மூன்றை எப்படி எழுதினார்கள் தெரியுமா? ௨௱௩. இரண்டு, நூறு, மூன்று. நூறுக்கு ௱ என்று தனிக் குறி, பத்துக்கு ௰, ஆயிரத்துக்கு ௲. சொல்கிற வரிசையே எழுதுகிற வரிசை. அதில் பூஜ்ஜியத்துக்கு வேலையே கிடையாது. உங்கள் பையன் அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தால் அவன் யோசித்த விதத்தில் யாரும் குறை கண்டிருக்க முடியாது. ஒரு இலக்கம் உட்காருகிற இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும், ஆளில்லாத இடத்தில் பூஜ்ஜியம் காவல் நிற்கும் என்பது யாருக்கும் தானாகத் தோன்றிவிடுகிற யோசனை இல்லை. பெரிய பெரிய நாகரிகங்களே அது இல்லாமல் நெடுங்காலம் ஓட்டியிருக்கின்றன. அதை ஒரு பையன் சில வருஷம் தாமதமாகப் பிடித்தால் நாம் தலையில் கை வைத்துக்கொள்கிறோம்.

தாமதமும் அவனால் வந்ததில்லை. இப்போது உங்கள் ஏழாம் வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் 2019 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். ஒன்றாம் வகுப்பு முடியும் முன்பே, 2020 மார்ச்சில், பள்ளியைப் பூட்டினோம். இரண்டாம் வகுப்பு முழுக்க வீட்டில். மூன்றாம் வகுப்புக்கு 2021 நவம்பரில்தான் கதவு திறந்தது, ஜனவரியில் திரும்பவும் மூடி பிப்ரவரியில் திறந்தோம். மூன்று இலக்க எண் வருகிற வகுப்பே அதுதான். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசின் அடிப்படைக் கற்றல் திட்டம் வந்தபோது அது முதல் மூன்று வகுப்புகளுக்கு மட்டும். இவர்கள் அப்போது நாலாம் வகுப்பு. ஒரே ஒரு வகுப்பு வித்தியாசத்தில் வண்டியைத் தவறவிட்டவர்கள். அடுத்த வருஷம் நாலு, ஐந்துக்கும் நீட்டித்தார்கள், இவர்களுக்குக் கிடைத்தது அந்தக் கடைசி ஒரு வருஷம். உங்கள் ஒன்பது பேருக்கும் எங்கே விட்டுப்போனது என்று தேட வேண்டிய இடம் இதுதான்.

இனி என் கதை. பெருமைப்படுகிற கதை இல்லை. வேலைக்கு வந்த புதிதில், 1992 என்று நினைக்கிறேன், ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் 'நூற்று ஐந்து' என்றால் 1005 எழுதுவாள். சிவப்பு மையால் அடித்தேன். மறுபடி எழுதினாள், மறுபடி அடித்தேன். ஒருநாள் எழுந்து நின்று, "நூறு எழுதினேன், அஞ்சு எழுதினேன், இதுல எது டீச்சர் தப்பு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது வாத்தியார்கள் செய்கிற காரியத்தைச் செய்தேன். "எதிர்த்துப் பேசாதே, 105னு அம்பது தடவை எழுதிட்டு வா" என்றேன். அழகாக ஐம்பது தடவை எழுதிக்கொண்டு வந்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. அன்றைக்கே 'நூற்று ஏழு' எழுது என்றேன். 1007 எழுதினாள்.

அதற்கு ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு கோடைப் பயிற்சியில், ஓய்வு பெறப் போகும் ஆசிரியர் ஒருவர் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொண்டு வந்திருந்தார். மூன்று அளவு அட்டைகள். நீளமான அட்டையில் 100, 200 என்று 900 வரை. அதில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் 10 முதல் 90. மூன்றில் ஒரு பங்கில் 1 முதல் 9. 100 அட்டையை மேஜையில் வைத்தார். பக்கத்தில் 5ஐ வைத்தார். 1005. "இது பிள்ளைங்க எழுதறது" என்றார். அப்புறம் 5ஐ எடுத்து, 100இன் கடைசிப் பூஜ்ஜியத்தின் மேல் சரியாகப் பொருத்தினார். 105. "பூஜ்ஜியம் எங்கயும் போகல, அடியில இருக்கு. தூக்கிப் பாருங்க" என்றார். இவ்வளவுதான் அவர் செய்தது. எனக்கு அந்தப் பெண்ணின் கேள்வி காதில் கேட்டது. வராந்தாவுக்கு எழுந்து போய்விட்டேன்.

நாளைக்கே இதைச் செய்து பாருங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் 'சின்னப் பசங்க விளையாட்டு' என்று வெட்கம் வரும், அதனால் வகுப்பின் முன்னால் வேண்டாம். ஒன்பது பேரை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் உட்காரவைத்தால் போதும். 200ஐயும் 3ஐயும் அவனையே எடுக்கச் சொல்லுங்கள், அவனையே அடுக்கச் சொல்லுங்கள். "நடுவுல நிக்கிற பூஜ்ஜியம் யாருக்குக் காவல்?" என்று கேளுங்கள். பத்து இல்லை என்பதை அவன் வாயால் சொல்லட்டும். ஆணிமணிச்சட்டம் (அபாகஸ்) உங்கள் பள்ளி பீரோவில் கட்டாயம் இருக்கும், அதையும் எடுக்கலாம். ஆனால் இந்தத் தப்புக்கு அட்டைதான் நேரடி மருந்து என்பது என் அனுபவம். அவன் எழுதியதையும் மேஜையில் காட்டுகிறது, சரியானதையும் காட்டுகிறது, ஒன்று இன்னொன்றாக மாறுகிற இடத்தையும் காட்டுகிறது.

இந்த அட்டை அந்த ஆசிரியர் கண்டுபிடித்ததில்லை, உலகம் முழுக்க உண்டு. அவர் செய்த படைப்பு வேறு. அந்தத் தப்பைப் பார்த்ததும் "இவன் காதால் எழுதுகிறான்" என்று கண்டுகொண்டாரே, அது. நீங்கள் கேட்ட 'கலை' எங்கே இருக்கிறது என்றால் அங்கேதான் இருக்கிறது என்பேன். பிள்ளை ஒரு விடை சொன்னதற்கும் நீங்கள் அடுத்த கேள்வியைக் கேட்பதற்கும் நடுவில் உள்ள அந்தக் கொஞ்ச நேரத்தில். அதைப் படம்பிடித்து ரீல்ஸ் போட முடியாது. போட்டாலும் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும்.

நன்னூல் பாயிரத்தைத் தமிழாசிரியர்கள் மட்டும் படிப்பது ஒரு நஷ்டம். பாடம் சொல்கிற முறையைப் பவணந்தியார் எண்ணூறு வருஷத்துக்கு முன் எழுதிவைத்திருக்கிறார். 'விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து கொள்வோன் கொள்வகை அறிந்து' என்று போகும். அவசரப்படாமல், கோபப்படாமல், விருப்பத்தோடு முகம் மலர்ந்து, கேட்கிறவன் எப்படி வாங்கிக்கொள்கிறான் என்று தெரிந்துகொண்டு. கொடுப்பவனின் திறமையைவிட வாங்குபவன் வாங்கும் விதத்தைத் தெரிந்துகொள்வதை அவர் பெரிதாக வைத்திருக்கிறார். எப்படிப்பட்டவர்கள் ஆசிரியர் ஆக முடியாது என்றும் ஒரு பட்டியல் உண்டு. அதில் எனக்குப் பிடித்தது கழற்குடம். குடத்தில் கழற்சிக்காயை ஒவ்வொன்றாகப் போடுவோம், கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது, கலந்துகட்டி எல்லாம் ஒரே சமயத்தில் விழும். படித்ததை அப்படிக் கொட்டுகிறவர். தேர்வு நெருங்கும்போது நாம் எல்லோரும் ஒருநாளாவது கழற்குடம் ஆகியிருக்கிறோம்.

அந்த 'விரையான்' என்ற சொல்லுக்குக் கடிகாரம் வைத்து அளந்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், 1970களில். அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பார்த்தால், சராசரி சுமார் ஒரே வினாடி. அதற்குள் பதில் வரவில்லை என்றால் அவரே சொல்லிவிடுகிறார், இல்லை அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுகிறார். அதையே மூன்று வினாடி ஆக்கச் சொன்னார். பிள்ளைகளின் பதில் நீளமானது, 'தெரியாது' குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேச ஆரம்பித்தார்கள். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் அதேபோல் மூன்று வினாடி சும்மா இருப்பதற்கு இன்னும் பலன் அதிகம் என்றும் கண்டார்.

மூன்று வினாடி என்பது படிக்கும்போது ஒன்றுமில்லை. வகுப்பில் நின்று பாருங்கள், மூன்று மணி நேரம் மாதிரி இருக்கும். நாக்கு துறுதுறுக்கும். முன்வரிசைக் கெட்டிக்காரப் பெண் கையைத் தூக்கிக்கொண்டு குதிப்பாள். நான் முதலில் முயன்றபோது சாக்பீஸைக் கையில் உருட்டி உருட்டி எண்ணினேன். ஒரு வாரம் சங்கடம். இரண்டாவது வாரம் ஜன்னலோரம் உட்காரும் பையன், வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை, "டீச்சர், அது அப்படி இல்லையோ?" என்றான். அவன் சொன்னதும் தப்புதான். ஆனால் என்ன அருமையான தப்பு! அன்றைய மீதிப் பாடம் முழுக்க அதன் மேல் ஓடியது.

சரி, பாட்டுக்கு வருவோம். பக்கத்துப் பள்ளி ஆசிரியையைப் பற்றி ஒரு சொல்கூடக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றாம் வகுப்பில் அழுதுகொண்டு வருகிற பிள்ளைக்குப் பாட்டுதான் பாலம். வாய்ப்பாடு ஞாபகத்தில் நிற்கவும் பாட்டு உதவும். ஆனால் பாடத் தெரிவது ஒரு வரம், கற்பிக்கத் தெரிவது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் பார்த்ததிலேயே சிறந்த கணக்கு ஆசிரியர் ஒருவர் சத்தமாகக்கூடப் பேச மாட்டார். அவர் வகுப்பில் எப்போதும் ஒரு பிள்ளைதான் கரும்பலகை பக்கம் நின்று பேசிக்கொண்டிருக்கும். இவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்குப் புரியலயே, திரும்பச் சொல்லு" என்பார். நம் தலைமையாசிரியர்கள் ரீல்ஸைப் 'பாருங்க' என்று குழுவில் போடுவது நல்ல மனதோடுதான். அது இன்னொருத்தியைக் குத்தும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. விட்டுவிடுங்கள்.

படம் வரைய வராது என்ற கவலையும் வேண்டாம். உபகரணம் என்றாலே தெர்மாகோல், வண்ணத்தாள், ஜிகினா என்று நமக்கு ஒரு பழக்கம் ஆகிவிட்டது. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் வெளியே வரும், அவர் ஜீப் கிளம்பியதும் பீரோவுக்குள் போகும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் தமிழ்நாடு முழுக்கப் போன செயல்வழிக் கற்றலை, பிள்ளையே அட்டை எடுத்துத் தன் வேகத்தில் படிக்கிற முறையை, நான் கிட்டத்தில் இருந்து பார்த்தவள். ஆந்திராவின் ரிஷி வேலியில் பிறந்த யோசனை. அடுத்து எந்த அட்டை என்று காட்டும் ஏணிப்படி, அட்டைகள், தரையில் உட்கார்ந்த பிள்ளை எட்டி எழுதுகிற உயரத்தில் கரும்பலகை. அட்டையைப் பிள்ளை கையில் கொடுத்த வகுப்பறைகளில், நம்புங்கள், ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது. பிள்ளைகள் நடுவே தரையில் இருந்தார். அட்டை கிழிந்துவிடும் என்று பூட்டிவைத்த வகுப்பறைகளில் அட்டை இன்றும் புதிதாக இருக்கலாம். ஒரே மாநிலம், ஒரே அட்டை.

உங்களுக்கு வேண்டியது மலிவான, கிழிந்தால் மனசு கஷ்டப்படாத பொருள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் அறிவியல் திட்டத்துக்குப் போனவர், சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்து வடிவியல் செய்து காட்டினார். வால்வு டியூபை ஒரு அங்குலத்துக்கும் குறைவான துண்டுகளாக வெட்டி, இரண்டு பக்கமும் குச்சி செருகினால் மூட்டு தயார். மூன்று குச்சியில் முக்கோணம், நாலு குச்சியில் சதுரம். சதுரத்தை விரலால் தள்ளினால் சாய்ந்து சாய்சதுரம் ஆகும். முக்கோணம் அசையாது. ஏன் அசையவில்லை என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், மூன்று வினாடிக்கு மேலேயே. ஓட்டு வீட்டுக் கூரையிலும் செல்போன் கோபுரத்திலும் ஏன் முக்கோணம் முக்கோணமாக இருக்கிறது என்பதை யாராவது ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டு மறுநாள் வந்து சொல்லும். குச்சியின் மருந்துத் தலையை மட்டும் நீங்களே முன்கூட்டிக் கிள்ளிவிடுங்கள். ஏழாம் வகுப்புப் பையன்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எமிஸ் பற்றிப் பொய்யாக ஆறுதல் சொல்ல மாட்டேன். அந்தப் பாரம் நிஜம். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிரக் கல்வி சாராத வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. ஆனால் பதிவேற்றம் என்பது 'கல்வி சார்ந்த வேலை' என்ற பெயரில்தானே வருகிறது, சட்டத்தைக் காட்டி என்ன செய்வது? சங்கங்கள் பேசட்டும், பேச வேண்டும். உங்களால் ஆனது ஒன்றுதான். வாரத்தில் எந்தப் பாடவேளையில் போனைத் தொட மாட்டீர்கள் என்று முடிவு செய்து, அதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐந்து பாடவேளை கேட்டால் கிடைக்காது. இரண்டு கேட்டால் கிடைக்கும். "செவ்வாயும் வியாழனும் மூணாவது பீரியட் நான் வகுப்புல இருப்பேன் சார், போன் பீரோல இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். சொன்ன பிறகு அவரே அதை மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வார், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பாடக்குறிப்பு நோட்டு இல்லை, யாருக்கும் காட்ட வேண்டாதது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தப்பு விடையை அதில் எழுதுங்கள். அதன் கீழே, பிள்ளை அதற்குச் சொன்ன காரணம், பிள்ளையின் வார்த்தையிலேயே. உங்கள் விளக்கம் வேண்டாம். சில உங்களுக்கு உடனே கிடைக்கும். 52இலிருந்து 37ஐக் கழித்தால் 25 என்று ஒருத்தி எழுதுவாள், 'சின்னதைப் பெரியதில் இருந்துதான் கழிக்கணும்' என்பாள். அது எப்போதோ நம்மில் ஒருவர் சொன்ன விதிதான். ஒன்றாம் இடத்தில் 7இலிருந்து 2ஐக் கழித்திருப்பாள். நாலில் ஒரு பங்கு மூன்றில் ஒரு பங்கைவிடப் பெரிது, ஏனென்றால் நாலு பெரிது. தசம எண் பாடம் வரும்போது 0.8ஐவிட 0.35 பெரிது என்று பாதி வகுப்பு சொல்லும், 8ஐவிட 35 பெரிதுதானே. என் காலத்தில் இதற்கு எண்பது பைசா, முப்பத்தைந்து பைசா என்று சொல்லித் தப்பித்தோம். இந்தக் காலப் பிள்ளைகள் பைசாவைக் கண்ணால் பார்த்ததில்லை, சொன்னால் பைசாவையும் சேர்த்து விளக்க வேண்டும். தையல் டேப்பை எடுங்கள். 0.8 மீட்டர் எங்கே, 0.35 மீட்டர் எங்கே என்று அவர்களே விரல் வைக்கட்டும்.

ஒரு பருவம் போனால் நோட்டில் ஐம்பது, அறுபது சேர்ந்திருக்கும். எந்தப் பயிற்சிக் கட்டகத்திலும் இல்லாத, உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் மூளையைப் பற்றிய நோட்டு அது. அடுத்த வருஷம் அதே பாடத்தைத் தொடங்கும் முன் அந்தப் பக்கத்தைப் புரட்டினால், எந்த உதாரணத்தை முதலில் வைப்பது என்று அதுவே சொல்லும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும் கூடுகிற குறுவள மையக் கூட்டத்தில் ஒரே ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளைக் கவனித்து, பிறகு உட்கார்ந்து பேசுகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலான வழக்கம். நமக்கு அவ்வளவு வேண்டாம், "என் வகுப்புலயும் ஒருத்தன் இப்படித்தான்" என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் போதும். உங்கள் கடிதத்தில் மற்ற சுமைகளைவிட எனக்குத் தெரிந்தது தனிமை. ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அந்தப் பாட்டு டீச்சராகவே இருந்தாலும் நல்லதுதான். அவருக்கும் யாரிடமும் சொல்லாத 2003 ஒன்று இருக்கும்.

26 பேரில் ஒன்பது பேருக்கு மட்டும் தனியாக நேரம் எங்கே என்று கேட்பீர்கள். மீதிப் பதினேழு பேர் இருக்கிறார்களே. 1787இல் சென்னைக்கு வந்து, 1789இல் எழும்பூர் அநாதை இல்லப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒருநாள் நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளி ஆசிரியர்களை அப்படிச் செய்யச் சொன்னார், அவர்கள் ஆகாது என்றார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார், நடந்துவிட்டது. 1797இல் லண்டனில் புத்தகம் போட்டார், 'மெட்ராஸ் முறை' என்று பல நாடுகளுக்குப் போனது. அந்த மணலைப் பரப்பிய திண்ணை வாத்தியாரின் பெயர் யாருக்கும் தெரியாது, அது நம் தொழிலின் ராசி. நான் சொல்ல வந்தது, பிள்ளைக்குப் பிள்ளை சொல்லித்தருவது நமக்குப் புதிதில்லை. ஆனால் சட்டாம்பிள்ளையை நிரந்தரமாக்காதீர்கள். இருவர் இருவராக உட்காரவையுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். 2003 பையனுக்கும் எதிலாவது சட்டாம்பிள்ளை ஆகிற வாரம் வர வேண்டும். கோணம் அளப்பதிலோ, மனக்கணக்கிலோ, எதில் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

குரூப் 2. எழுதுங்கள் என்றோ எழுதாதீர்கள் என்றோ நான் சொல்ல முடியாது. சம்பளம், ஊர் மாற்றம், வீட்டு நிலைமை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தது. ஆசிரியர் வேலையை விடுவது பாவமும் இல்லை. தியாகம், புனிதம் என்று சொல்லி யாரும் உங்களைக் கட்டிப்போட விடாதீர்கள், என்னையும் சேர்த்து. ஒன்றை மட்டும் யோசியுங்கள். படிவம் நிரப்பி அலுத்துப்போனதால் படிவம் மட்டுமே உள்ள மேஜைக்குப் போகிறீர்களா? அங்கே கோப்பு உண்டு, 2003 எழுதுகிற பையன் இல்லை. அது உங்களுக்கு நிம்மதியாகத் தோன்றினால் தாராளமாக எழுதுங்கள். கொஞ்சம் வெறிச்சென்று தோன்றினால் இந்தக் கல்வியாண்டு முடியும் வரை விண்ணப்பத்தைத் தள்ளிவையுங்கள். களைத்துப்போன மார்கழி, தை மாதங்களில் எடுக்கிற முடிவும் கோடை விடுமுறை முடிந்து எடுக்கிற முடிவும் ஒன்றாக இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நெஞ்சு அடைக்கிறது, தூக்கம் வரவில்லை என்ற அளவுக்கு இருந்தால் மட்டும் தேர்வு, நோட்டு எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். அது வேறு விஷயம்.

போகும் முன் ஒரு வேலை. அட்டை வெட்டுவதற்கு முன்னாலேயே இதைச் செய்ய வேண்டும். நாளைக்கு அவனைக் கூப்பிட்டு, இருநூற்று மூன்று எழுதச் சொல்லுங்கள். 2003 எழுதுவான். ஒன்றும் சொல்லாதீர்கள். அதன் கீழேயே 'இரண்டாயிரத்து மூன்று' எழுதச் சொல்லுங்கள். 20003 என்று எழுதினால், அவனிடம் ஒரு முழுமையான விதி இருக்கிறது என்று அர்த்தம். அட்டையை வைத்து ஓரிரு வாரத்தில் மாற்றிவிடலாம். அங்கேயும் 2003 என்றே எழுதினால், மேலேயும் கீழேயும் ஒரே எண் நிற்பதை அவனே பார்ப்பான். கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பான். பேனாவை வாயில் வைப்பான். அப்போது குறுக்கே பேசிவிடாதீர்கள், டீச்சர். அவன் என்ன செய்தான் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.